மங்கிய கார் பெயின்ட்டை மெஷினில் மீட்பது: தேய்க்கும் முன் அளவு தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயிலில் நின்று வெளுத்துப்போன காரைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஒரு பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எந்த பெயின்ட் சரியாகும், எது ஆகாது, எவ்வளவு தேய்க்கலாம் என்று சொல்பவர்கள் குறைவு. அதை நம்பி மெஷினைக் கையில் எடுத்து, பானட் விளிம்பில் நிறத்துக்கு அடியிலுள்ள பிரைமர் தெரியும்வரை தேய்த்துவிட்டு, கடைசியில் பெயின்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் பலர். மெஷின் ஓடும் ஒவ்வொரு முறையும் காரில் இருக்கும் பெயின்ட் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்பி வராது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வேலை செய்தால், இனிப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்று கைவிட்ட கார்களில் பலவற்றை அவற்றின் சொந்த பெயின்ட்டிலேயே மீட்டுவிடலாம். அதற்கான விவரங்களை வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அடுத்து பிரைமர், அடுத்து நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நாம் தேய்ப்பது இந்தக் கிளியரைத்தான். அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. கிளியர் மெலிந்தால் அந்தத் தடுப்பும் மெலியும். பளபளவென்று வெளியே போன கார் சில கோடைகளுக்குள் உரியத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். மெஷினில் மாட்டும் மென்மையான ஃபோம் பேடில் (பஞ்சு வட்டில்) நைஸ் பாலிஷ் வைத்து ஓட்டினால் ஏறக்குறைய ஒரு மைக்ரானுக்குள் முடிந்துவிடும். கம்பளி பேடும் கெட்டிக் காம்பவுண்டும் (வேகமாக வெட்டும் சொரசொரப்பான பாலிஷ் பசை) சேர்ந்தால் ஒரே வேலையில் 3, 4 மைக்ரான் போய்விடக்கூடும். காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 8 மைக்ரானைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது கவனமாக வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் வரம்பு. அதாவது, கெட்டிக் காம்பவுண்ட் வேலை ஒரு காருக்கு இரண்டு முறைக்கு மேல் தாங்காது.

அடுத்து, மங்கியிருப்பது எந்த வகைப் பெயின்ட் என்று தெரியவேண்டும். கிளியர் கோட் பரவலாவதற்கு முன் வந்த பழைய கார்களிலும், இன்றும் சில சரக்கு வண்டிகளிலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். இதைச் சிங்கிள் ஸ்டேஜ் என்பார்கள். இதில் வெயில் முதலில் தாக்குவது நிறத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை. மேற்பரப்பில் பிசின் சிதைந்ததும் நிறம் தூளாக நின்றுவிடும். சிவப்பு ரோஸாகத் தெரியும், கறுப்பு சாம்பலாகத் தெரியும், வெள்ளை சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும். அந்தத் தூளுக்குக் கீழே உயிருள்ள நிறம் அப்படியே இருக்கிறது. மெஷின் பாலிஷால் அதிகப் பலன் பெறுவது இந்த வகைதான்.

கிளியர் கோட் உள்ள காரில் நிறம் கையில் வராது. அங்கே மங்கல் என்பது மேற்பரப்பில் ஏறிய ஆயிரக்கணக்கான நுண்கீறல், காய்ந்த தண்ணீரின் உப்புக்கறை, பறவை எச்சம் அரித்த குழி, கிளியரின் மேல்பகுதியில் ஏற்பட்ட லேசான சிதைவு ஆகியவற்றின் கூட்டு. இதுவரைக்கும் பாலிஷ் உதவும். கிளியரே செத்துப்போய், வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் செதிலாக எழும்பியிருந்தால் எந்த மெஷினும் உதவாது. தேய்க்கத் தேய்க்க அந்தச் செதில் அகலமாகும். அதே போல, கிளியர் நன்றாக இருந்தும் அதற்கு அடியில் இருக்கும் நிறம் வெளுத்திருந்தால் அதுவும் பாலிஷுக்கு எட்டாது. ரூஃப், பானட், டிக்கி ஆகிய மூன்றும் நேர் வெயிலை வாங்குவதால் இந்த நிலை முதலில் அங்கேதான் தெரியும். கதவுகள் நன்றாக இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு முழுக் காரும் மீளும் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

கண்டுபிடிக்க இரண்டு எளிய சோதனைகள் போதும். கழுவிய பானட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை நிறம் ஆழமாகத் திரும்பி வந்து, காய்ந்ததும் வெளுத்தால் மேற்பரப்பு மட்டுமே கெட்டிருக்கிறது. பாலிஷுக்கு நம்பிக்கை உண்டு. ஈரத்திலும் வெள்ளைத் திட்டு மறையாமல் நின்றால் அந்த இடம் பெயின்ட் கடைக்குத்தான் போகவேண்டும். இரண்டாவது, ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து மறைவான இடத்தில் தேய்ப்பது. துணியில் காரின் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ். வெள்ளைக் காருக்கு மட்டும் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகள் கனத்தைச் சொல்லாது. அதற்குப் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வேண்டும். பானட், ரூஃப், ஒவ்வொரு கதவு, ஃபெண்டர் என்று ஒரு பேனலுக்கு நான்கைந்து இடத்தில் வைத்து எழுதிக்கொள்ளவேண்டும். 100க்கு மேல் என்றால் பயமில்லை. 80க்குக் கீழே போனால் கெட்டிக் காம்பவுண்டைத் தொடாதீர்கள். அந்தப் பேனலை யாரோ ஏற்கெனவே தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். 200க்கு மேல் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்த பேனல். 500, 1,000 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: மீட்டர் காட்டுவது மொத்தக் கனத்தை. அதில் கிளியர் எவ்வளவு என்று சாதாரண மீட்டர் பிரித்துச் சொல்லாது. மறுபெயின்ட் ஆன பேனலில் 250 காட்டினாலும் கிளியர் மெலிதாக இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலையே செய்யாது.

கழுவும் வேலையை அவசரப்பட்டு முடித்தால் மீதி எல்லாம் வீண். மண்துகள் ஒன்று பேடில் மாட்டினால் அது முழுப் பேனலிலும் வட்டம் வட்டமாகக் கோடு போடும். ஷாம்புவுக்கு ஒரு பக்கெட், கிளவுஸை அலச ஒரு பக்கெட் என்று இரண்டு வைத்துக் கழுவி, தார்க்கறைக்குத் தார் ரிமூவர், பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் அடிக்கவேண்டும். இரும்பு இருக்கும் இடத்தில் அந்தத் திரவம் ஊதாவாக மாறும். காய விடாமல் அலசிவிட வேண்டும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிப் பெயின்ட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால், ஒட்டிய துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் தேவை. வழுக்கும் திரவம் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டி, அழுக்கானதும் மடித்துப் புது முகத்தை எடுக்கவேண்டும். கீழே விழுந்த கிளேயை எறிந்துவிடுங்கள். கழுவினாலும் மண் போகாது.

பிறகு மாஸ்கிங் டேப். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் பீடிங், எம்பளம், வைப்பர் தண்ணீர் நாசில், லைட் ஓரம் எல்லாவற்றையும் ஒட்டி மூடவேண்டும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் காய்ந்தால் அந்த வெள்ளைக் கறை லேசில் போகாது. கதவின் மடிப்பு, பானட் ஓரம், பக்கவாட்டில் ஓடும் கூர்மையான பாடி லைன் ஆகியவற்றிலும் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே கனம் பிறப்பிலேயே குறைவு. பேடின் அழுத்தமும் அந்தச் சின்ன விளிம்பில்தான் குவியும். பெயின்ட் எரிந்துபோன கார்களைப் பார்த்தால் பத்தில் எட்டு விளிம்பில்தான் எரிந்திருக்கும்.

மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். டூயல் ஆக்‌ஷன் சுற்றிக்கொண்டே சின்ன வட்டத்தில் ஆடவும் செய்யும். அதிகம் அழுத்தினாலோ சாய்த்தாலோ சுற்று நின்றுவிடும் என்பதே அதன் பாதுகாப்பு. ரோட்டரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலும் சூடு ஏறிக் கிளியர் போய்விடும். பழகாதவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் ஒன்றே சரி. 15 மி.மீ. ஆட்டமும் 5 அங்குல பேக்கிங் பிளேட்டும் (பேடு ஒட்டும் தட்டு) உள்ளது பெரும்பாலான பேனலுக்குப் பொருந்தும். 21 மி.மீ. பெரிய சமமான பரப்புக்கு; 8 அல்லது 9 மி.மீ. வளைவுக்கும் குறுகிய இடத்துக்கும். கிரைண்டரில் பேடு மாட்டித் தேய்ப்பதைச் சில இடங்களில் இன்னும் செய்கிறார்கள். சின்ன ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடும். ரோட்டரி பாலிஷருக்கே 1,000 முதல் 1,500 சுற்று போதும். தயவுசெய்து கிரைண்டரைக் காரின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

பேடுகளில் கம்பளியும் மைக்ரோஃபைபரும் வேகமாக வெட்டும். ஃபோமில் கெட்டி, நடுத்தரம், மென்மை என்று மூன்று உண்டு. பேடின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் நிறக்கணக்கு வேறு. எதில் தொடங்குவது என்பதை டெஸ்ட் ஸ்பாட் சொல்லும். பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரத்தை டேப்பால் பிரித்து, நடுத்தர ஃபோமும் நைஸ் பாலிஷும் வைத்து ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் முதலில் பேடை மாற்றுங்கள், பிறகு காம்பவுண்டை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. லேசான சேர்க்கையிலேயே 80 சதவீதம் தெளிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துவது புத்திசாலித்தனம். நகம் மாட்டும் ஆழமான கீறலை மெஷினால் துரத்தக் கூடாது. அந்தக் கீறலின் அடிவரை சுற்றுவட்டாரம் முழுவதையும் இறக்கினால்தான் அது மறையும், அவ்வளவு கிளியர் அங்கே இல்லை.

இனி ஓட்டும் முறை. கார் நிழலில், பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். புது பேடின் முகம் முழுவதும் காம்பவுண்டை மெல்லியதாகத் தேய்த்து ஊறவைத்து, அதன்மேல் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. மெஷினைப் பேனலில் வைத்த பிறகே சுவிட்ச் போடவேண்டும். காற்றில் போட்டால் காம்பவுண்ட் கண்ணாடிவரை தெறிக்கும். 1ஆம் எண் வேகத்தில் பரப்பிவிட்டு, வெட்டும் வேலைக்கு 4, 5க்கு ஏற்றுங்கள். கை விநாடிக்கு 2, 3 செ.மீ. தூரம்தான் நகரவேண்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு இதில்தான்: தரை துடைப்பதுபோல் வேகமாக வீசுகிறார்கள், பேடு எதையும் வெட்டுவதில்லை. ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறும்படி முதலில் இடவலமாக, பிறகு மேல்கீழாக, இப்படி நான்கிலிருந்து ஆறு சுற்று. வெட்டும்போது அழுத்தம் 5, 6 கிலோ. உடல் எடை பார்க்கும் மெஷின்மேல் அணைத்த பாலிஷரை வைத்து அழுத்திப் பார்த்தால் கைக்கு அந்த அளவு பிடிபடும். கடைசிச் சுற்றுக்கு மெஷினின் எடையே போதும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் பேடு சுற்றுகிறது; ஒரே இடத்தில் நடுங்கினால் பேடு சாய்ந்திருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம்.

சுற்று முடிந்ததும் 300, 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை) மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்து, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது கட்டாயம். மங்கிய பெயின்ட்டில் செத்த பெயின்ட்தூள் பேடை வேகமாக அடைக்கும். அடைத்த பேடு வெட்டாது, சூடு மட்டும் ஏற்றும். சின்னக் காருக்கே ஆறு பேடாவது கைவசம் இருக்கட்டும். இந்தத் தூளை நுரையீரலுக்குள் விடவேண்டாம். முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

என்னென்ன கெடும், ஏன் கெடும் என்பது தெரிந்தால் பாதிச் சேதம் தவிரும். காம்பவுண்ட் மாவு மாவாகப் பறந்தால் பேடு காய்ந்திருக்கிறது அல்லது சுற்று அளவுக்கு மீறிவிட்டது. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டால் பேனல் சூடாக இருக்கிறது அல்லது காம்பவுண்ட் அதிகம். வேலை முடிந்த இடத்தில் லேசான பனிமூட்டம் தெரிந்தால் அது பேடு விட்ட நுண்கோடு. மென்மையான ஃபோமும் நைஸ் பாலிஷும் வைத்துக் குறைந்த வேகத்தில் இன்னொரு முறை ஓட்டினால் தெளியும். கம்பளி பேடு மாட்டிய ரோட்டரியில் முடித்துவிட்டு அடுத்த கட்டத்தை விட்டுவிட்டால் கறுப்புக் காரில் வெயிலில் வானவில் போன்ற அலைக்கோடுகள் ஓடும். கடையிலிருந்து எடுக்கும் அன்று அவை தெரியாது. காம்பவுண்டிலுள்ள எண்ணெய் கோடுகளை நிரப்பி மறைத்திருக்கும். சில முறை கழுவிய பிறகு வெளியே வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமான அபாய அறிகுறி ஒன்று உண்டு. கிளியர் கோட் உள்ள காரில் பேடிலோ துணியிலோ திடீரென்று காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் முடிந்து நிறப்பூச்சுக்குள் இறங்கிவிட்டீர்கள். இன்னும் ஒரு சுற்று ஓட்டிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் பிரைமர் வரும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும். தகரம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அதே இடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே அங்கே வேகம் 3க்கு மேல் வேண்டாம், புறங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்து ஓட்டுங்கள்.

சிங்கிள் ஸ்டேஜில் மட்டும் நிறம் பேடில் ஏறுவது இயல்பு, பயப்படவேண்டாம். ஆனால் அந்தப் பெயின்ட் வறண்டு நொறுங்கும் நிலையில் இருந்தால் நேரே காம்பவுண்ட் வைப்பது முரட்டுத்தனம். எண்ணெய்ச் சத்துள்ள கிளேஸ் என்னும் பசையைக் கையால் தடித்துத் தேய்த்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் துடைத்தால் செத்த தூள் நிறைய வந்துவிடும், எஞ்சிய பெயின்ட்டில் குறைவாகத் தேய்த்தாலே பளபளப்பு ஏறும். சிங்கிள் ஸ்டேஜ் மெட்டாலிக் இதில் தனி ரகம். அதில் அலுமினியத் துகள் நிறத்தோடேயே கலந்திருப்பதால் பேடு கரும்சாம்பலாக மாறும். அதிகம் தேய்த்தால் திட்டுத் திட்டாக நிறம் மாறிவிடும், திரும்பச் சரிசெய்ய முடியாது. அதை மென்மையான ஃபோமுக்கு மேல் எதற்கும் உட்படுத்தாமல் இருப்பதே என் கருத்தில் சரி. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பூச்சு) காரைப் பாலிஷ் செய்யவே கூடாது. பளபளத்த இடம் பிறகு மேட்டாக மாறாது.

வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் கலந்து அடித்துத் துடையுங்கள். நிரப்பியிருந்த எண்ணெய் போய் உண்மை நிலை தெரியும். அதற்கு மேல் கெட்டியாகக் கலந்தால் புதிய பெயின்ட்டை மென்மையாக்கிவிடக்கூடும். கடையில் கொடுத்துச் செய்பவர்களும் இதைக் கேட்கலாம்: தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டர் அளவு, ஒரு டெஸ்ட் ஸ்பாட், ஆல்கஹால் துடைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வை. இரண்டு கட்டமாகச் செய்யும் முழுக் காருக்கு ஒரு நாளாவது பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் முழுக் காரும் மின்னினால் அது எண்ணெய் நிரப்பிய மினுமினுப்பு. மண்ணெண்ணெயில் துடைப்பதும் இதே ரகம்தான்: ஈரம்போல நிறம் ஏறும், ஆவியானதும் வெளுக்கும், இடையில் ரப்பர் பீடிங் ஊறிக் கெடும்.

தேய்த்த பெயின்ட்டைத் திறந்தபடி விடக் கூடாது. பனை மெழுகான கார்னாபா வேக்ஸ் கடும் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் நான்கைந்து மாதம் தாங்கும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் அடியில் இருக்கும் கீறலை அது மறைக்காது. போட்ட 24 மணி நேரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது. செத்த கிளியருக்கு மேல் செராமிக் போடுவது பணத்தைக் கரைப்பது. புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலில் கரைப்பான் ஆவியாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும் என்பதால் அதுவரை வேக்ஸோ கோட்டிங்கோ வேண்டாம். சிங்கிள் ஸ்டேஜ் காருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் அவசியம். விட்டுவிட்டால் தூள் மறுபடி பூக்கும்.

வேலை முடிந்த காரைக் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டித் துடைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அந்தத் தூசியில் இருக்கும் மணல்தான் முன்பு நுண்கீறலைப் போட்டது. தண்ணீரடித்துத் தூசியை இறக்கிய பிறகு ஷாம்பு கிளவுஸால் மேலிருந்து கீழாகக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்தால், அடுத்த மெஷின் வேலையைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடலாம்.

இப்படிக்கு,
வாகனப் பெயின்ட் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்